நாலு ராத்திரிக் கப்பல், நாலு வேசம்: பெட்டியில என்னதான் வைக்கிறது?

கொட்டகலை மலர் (ஞாயிறு, இரவு 8.40)

எல்லாருக்கும் வணக்கம். ஓஎல் பரீட்சை ஒண்ணா எழுதின எங்க பேட்ச் 25 வருசத்துக்கு அப்புறம் ஒண்ணு சேருது. ஹட்டன்ல ஒரு ஹோல் எடுத்து சோறு போட்டா போதும்னு நான் சொன்னேன். லண்டன், டொரண்டோவில இருக்கிறதுங்க கேக்கல. டிசம்பர் லீவுல சிங்கப்பூர்ல கப்பல் ஏறி பினாங்கு, புக்கெட் போய் திரும்ப சிங்கப்பூர். நாலு ராத்திரி, 31 பேர்.

ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு ‘தீம்’ வச்சிருக்காங்க. முதல் நாள் எல்லாரும் வெள்ளை. ரெண்டாம் நாள் 70கள் சினிமா. மூணாம் நாள் தீவு ராத்திரியாம், பூப்போட்ட உடுப்பு. கடைசி நாள் வேட்டி, சேலை. பகல்ல கரை இறங்கிறப்ப பேட்ச் டீசேட். வாட்ஸ்அப்ல 41 சாமான் உள்ள பட்டியல் ஒண்ணு வந்திருக்கு. அதுல லினன் களிசான்னு ஒண்ணு. எங்களுக்கு மலைநாட்டுக் குளிர், அலுமாரியைத் திறந்தா ஜெர்சி, சால்வை, காலுக்குக் கம்பளி மேஸ். வெயிலுக்குன்னு சொல்ல ஒரு துணி கிடையாது.

நான், அவர், 9 வயசு மகள், மாமியார். நாலு பேருக்கு ரெண்டு பெட்டிதான்னு அவர் சொல்றார். மாமியார் இப்பவே மூணாவது பெட்டியை அலுமாரி மேல இருந்து இறக்கித் துடைச்சு வச்சிட்டாங்க. போய் வந்தவங்க யாராவது சொல்லுங்க.

பதுளை ரோட் (ஞாயிறு, இரவு 8.55)

70கள்னா பெல்பாட்டம். எங்கப்பா போட்டது பரண்ல இருக்கு, எலி சாப்பிட்டது போக மிச்சம். வேணும்னா அனுப்புறேன்.

லயத்துப்பூனை (ஞாயிறு, இரவு 9.20)

சப்பாத்தைப் பாருங்க முதல்ல. சிரிக்காதீங்க, நான் பட்டவன்.

நாலு வருசம் முந்தி தம்பி கல்யாணத்துக்குக் கொழும்பு போனேன். வாங்கி ரெண்டே தரம் போட்ட சப்பாத்து, பெட்டியோட பத்திரமா வச்சிருந்தேன். மண்டபத்து வாசப்படியில ஏறுறேன், இடது காலுக்குக் கீழ ஏதோ புட்டு மாதிரி உதிருது. திரும்பிப் பார்த்தா நான் நடந்து வந்த வழியெல்லாம் கறுப்புத் துண்டு துண்டாக் கிடக்கு. பத்தடி போறதுக்குள்ள வலதும் வாயைப் பிளந்திருச்சு. மேல பளபளன்னு தோல், கீழ வெறுங்காலு.

அப்புறந்தான் சப்பாத்து தைக்கிறவர் சொன்னார். மெத்துன்னு இருக்கிற அடி பாலியூரித்தேனாம். காத்துல இருக்கிற ஈரம் அதை உள்ளுக்குள்ளயே பிரிச்சுப் போட்டிரும். போட்டுத் தேயிறதை விட, போடாம பொத்தி வச்சாத்தான் சீக்கிரம் போகும். நம்ம ஊர் மழைக்கும் பனிக்கும் கேக்கணுமா? பெருநாளுக்கு மட்டும்னு எடுத்து வச்ச சப்பாத்து எதையும் நம்பாதீங்க. இப்பவே ஒரு கிழமை போட்டு ஹட்டன் டவுன்ல மேலயும் கீழயும் நடங்க. உதிர்ந்தா இங்கயே உதிரட்டும்.

பழைய கேபின் பையன் (ஞாயிறு, இரவு 10.05)

மலர் அக்கா, நான் தலவாக்கலை. ஆறு வருசம் கப்பல்ல கேபின் துப்புரவு வேலை. ஆயிரக்கணக்கான பேரோட பெட்டியைத் தூக்கினவன் சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

முதல்ல ஒரு விசயம். கப்பல் ஏறும்போது பெரிய பெட்டி உங்க கையில இருக்காது. துறைமுகத்துல கேபின் நம்பர் போட்ட தாளைக் கட்டி வாங்கிக்குவாங்க. உங்க கேபின் கதவுக்கு அது வந்து சேர அந்தி ஆகும், சில நாள் ராச்சாப்பாடு முடிஞ்சும் ஆகும். உங்களுக்கு முதல் ராத்திரியே வெள்ளைன்னு சொல்றீங்க. அப்ப வெள்ளை உடுப்பு கைப்பையில இருக்கணும், பெட்டியில இல்ல. கூடவே பாஸ்போட், மருந்து, கண்ணாடி, சார்ஜர், புள்ளைக்குக் குளிக்கிற உடுப்பு. ஏறின உடனே பூல் திறந்திருக்கும், உடுப்பு பெட்டியோட கீழ்த்தட்டுல கிடக்கும், புள்ளைங்க அழும். வாராவாரம் பாக்கிற காட்சி அது.

கடைசி ராத்திரி இதையே திருப்பிப் போட்டுக்குங்க. நடுச்சாமத்துக்கு முந்தி பெட்டியைக் கதவுக்கு வெளியில வைக்கச் சொல்லுவாங்க. ஒரு ஐயா, நம்ம ஆளு, எல்லாத்தையும் ஒழுங்கா மடிச்சுப் பெட்டியில போட்டு வெளியில வச்சிட்டுச் சாரத்தோட படுத்திட்டார். விடியக்காலையில எழும்பிப் பார்த்தா உடம்புல சாரமும் பெனியனும்தான். பெட்டி கரைக்குப் போயிருச்சு. என்னோட சேட் ஒண்ணைக் கொடுத்தேன். சாரத்துக்கு மேல அதைப் போட்டுக்கிட்டே பாஸ்போட் வரிசையில நின்னார். அதனால அடுத்த நாள் போடுறதை உள்ளாடை, சப்பாத்து உட்பட கதிரையில எடுத்து வச்சிட்டு மிச்சத்தை மூடுங்க.

கொண்டு போகக்கூடாதது: அயன், கேத்தல், மெழுகுதிரி, ஊதுபத்தி, கற்பூரம். நெருப்புன்னா கடல்ல ஓட இடமில்ல, அதான் காரணம். ஸ்கேன்ல பிடிச்சு எடுத்து வச்சிட்டு கடைசி நாள்தான் தருவாங்க. 70கள் வேசத்துக்கு விளையாட்டுத் துப்பாக்கி, கத்தி எல்லாம் யாராவது கொண்டு வந்தா அதுவும் அங்கயேதான். எக்ஸ்டென்சன் வயரும் பெரும்பாலும் விட மாட்டாங்க.

அயன் இல்லைன்னா என்ன ஆகும்னு யோசிச்சுத்தான் சேலை எடுக்கணும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை வேணாம். ஜோர்ஜெட், கிரேப் எதையாவது சுருட்டி வச்சிருங்க. சுருக்கம் விழுந்தா பாத்ரூம்ல மாட்டி, சுடுதண்ணியை அஞ்சு நிமிசம் திறந்து விட்டா ஆவியில சுருக்கம் போயிரும். வேட்டியும் அப்படித்தான்.

கேபின் நம்ம தோட்டத்து லயக் காம்பரா அளவுதான். நாலு பேர் படுக்கலாம், பெட்டிக்கு இடம் கட்டிலுக்கு அடியில. ஆனா சுவர் எல்லாம் இரும்புத் தகடு. காந்தம் வச்ச கொக்கி நாலஞ்சு கொண்டு போனா ஈரத்துணி, தொப்பி, பை எல்லாம் சுவர்லயே தொங்கும். எங்க காலத்துல இதைத் தெரிஞ்சவங்களைப் பார்த்தாலே ‘பழைய பயணி’ன்னு நாங்க பேசிக்குவோம். பிளக் பல கப்பல்ல அமெரிக்கத் தட்டைக் கம்பி, ஐரோப்பிய உருண்டைக் கம்பி, இந்த ரெண்டுதான். நம்ம மூணு சதுரக் கம்பி சிங்கப்பூர்லயும் பினாங்குலயும் கரையில சரி, கேபின்ல நுழையாது. அடப்டர் ஒண்ணு எடுங்க. பவர்பேங்க் பிளேன்ல கைப்பையிலதான்.

ஜெர்சியை முழுசா விட்டிராதீங்க. டெக்ல வேர்க்கும், சாப்பாட்டு மண்டபத்துலயும் நாடகம் போடுற இடத்துலயும் ஏசி நானுஓயா ஸ்டேசன் மாதிரி குளிரும். ஆளுக்கு ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு.

தலவாக்கலை டீச்சர் (திங்கள், காலை 6.10)

பொம்பளைங்களுக்கு மட்டும் கொஞ்சம் சொல்லணும், ஆம்பளைங்க வாசிச்சாலும் பரவாயில்ல.

குளிர்ல இருந்து போறவங்களுக்கு வேர்வைன்னா என்னன்னே தெரியாது. நுவரெலியாவுல ஒரு நாளைக்கு ஒரு உடுப்புன்னா சிங்கப்பூர்ல ரெண்டு. காத்துல அவ்வளவு ஈரம், வேர்த்தது காயாது. நடந்தா தொடை உரசிப் புண்ணாகும். எனக்கு மூணாம் நாள் நடக்கவே முடியல. சுடிதாருக்கு உள்ள முழங்கால் வரைக்கும் மெல்லிசா ஒண்ணு போடுங்க, வாசலின் சின்னப் போத்தல் ஒண்ணு கைப்பையில வைங்க. ஜீன்ஸ் வேணவே வேணாம், நனைஞ்சா ரெண்டு நாளைக்குக் காயாது.

பூல்ல சுடிதாரோட, பருத்தி டீசேட்டோட இறங்க விட மாட்டாங்க. அதுக்காக யாரும் அரைகுறையா நிக்கத் தேவையில்ல. முழுக்கையும் முழுக்காலும் உள்ள நீச்சல் உடுப்பே இருக்கு. புள்ளைக்கும் அதுவே நல்லது, வெயில் சுடாது.

லினனுக்கு அலையாதீங்க. நம்ம நாட்டு பத்தீக் சாரம் ரெண்டு வாங்குங்க. தீவு ராத்திரிக்கு இதை விட என்ன வேணும்? கட்டிக்கலாம், பூலுக்குப் போறப்ப மேல சுத்திக்கலாம், ஏசிக்குப் போத்திக்கலாம், கடற்கரையில விரிச்சுக்கலாம். அவருக்கு ஒரு பத்தீக் சேட். அது பகலுக்கும் ஆகும்.

ஸ்காபரோ மாமா (திங்கள், காலை 7.45)

நான் யாழ்ப்பாணம், மனிசி பண்டாரவளை. அதாலை இஞ்சை எட்டிப் பாக்கிறனான். போன வருசம் கரீபியன் பக்கம் இப்பிடித்தான் ஒரு குழுவோடை போனனாங்கள்.

பிள்ளையள், தீம் எண்டால் தீம்தான். வெள்ளை ராத்திரிக்கு நான் ஒரு மங்கல் மஞ்சள் சேட்டோடை போய் நிண்டன். படம் எடுக்கேக்கை என்னைக் கடைசி வரிசையிலை நிப்பாட்டினவை. இண்டைக்கும் அந்தப் படத்திலை என்ரை நெத்தி மட்டும்தான் தெரியுது. காசு குடுத்துப் போறது படத்துக்கும்தானே? செய்யிறதை வடிவாச் செய்யுங்கோ.

இன்னொண்டு. பச்சைப் புள்ளி ஆமி உடுப்பு மாதிரி எதையும் கொண்டு போகாதையுங்கோ. பார்படோஸ், ஜமைக்கா போல இடங்களிலை பொதுசனம் அதைப் போடுறது சட்டப்படி தடை. உங்கடை பாதையிலை அது இல்லை, எண்டாலும் பழகிக்கொள்ளுறது நல்லது.

பதுளை ரோட் (திங்கள், காலை 8.02)

ஆமி டிசைன் போட்டா கப்பல் வரைக்கும் எதுக்கு மாமா, நம்ம ஊர் செக் பொயிண்ட் தாண்டாது.

பழைய கேபின் பையன் (திங்கள், பகல் 12.30)

மாமா சொல்றதுல பாதி சரி. ஆனா வேசத்துக்குன்னு தனிப் பெட்டி கட்டினவங்களை நான் பாவப்பட்டே பார்த்திருக்கேன். ஒரு மணித்தியாலம் போட்டு, ஒரு படம் எடுத்து, கழட்டி மூலையில போட்டிருப்பாங்க. காலையில நான்தான் மடிச்சு வைப்பேன். 70களுக்குப் பெரிய காது வளையம், தலைக்கு ஒரு துண்டு, ஆம்பளைக்குக் கிருதாவும் அகலக் கொலரும் போதும். எல்லாம் ஒரு சீலைப் பைக்குள்ள அடங்கும். பகல்ல பினாங்கு வெயில்ல நடக்கப் போறது நீங்க. அதுக்குத்தான் பெட்டி கட்டணும்.

பினாங்குல கப்பல் கட்டுற ஸ்வெட்டன்ஹாம் துறையில இருந்து லிட்டில் இந்தியா நடக்கிற தூரம்தான். குயின் வீதி மகாமாரியம்மன் கோயில் 1833ல கட்டினது, அங்கயே இருக்கு. அரைக்களிசானோட கோயிலுக்குள்ள போக முடியாது, அதுக்கும் அந்தச் சாரம் உதவும். லேசாக் கழட்டுற செருப்பு போடுங்க. வேகாத வெயில்ல கப்பி ரோட்டுல வெறுங்காலோட நின்னு வார் அவுக்கிறது கஷ்டம்.

கொட்டகலை மலர் (திங்கள், இரவு 9.15)

நன்றி, நன்றி. அவரோட கறுப்புச் சப்பாத்தை இன்னைக்குக் கடைக்குப் போட்டுட்டுப் போகச் சொன்னேன். பூனை, உங்க வாய் கரிவாய். வலது அடி ஸ்டேசன் ரோட்லயே விழுந்திருச்சு.

அடுத்த கேள்வி. மகள் கினிகத்தேனை வளைவு தாண்டினா வாந்தி. கடல்ல என்ன செய்வா? பெட்டி வேற பூஞ்சணம் பிடிச்சு நாறுது.

லயத்துப்பூனை (திங்கள், இரவு 9.31)

😀 சொன்னேன்ல.

பெட்டியை வினாகிரி தொட்ட துணியால துடைச்சு வெயில்ல வைங்க. கொட்டகலையில வெயில் எப்பன்னு கேக்காதீங்க, வர்ற அரை மணித்தியாலத்தைப் பிடிங்க. உள்ள கரித்துண்டை பேப்பர்ல சுத்திப் போட்டு ரெண்டு ராத்திரி மூடி வைங்க. அடுப்படியில மட்டும் வைக்காதீங்க, பூஞ்சண நாத்தம் போய் புகை நாத்தம் வரும்.

எட்டாம் நம்பர் மலை (திங்கள், இரவு 10.20)

ஃபார்மசியில வேலை செய்றேன். பஸ்ல வாந்தி எடுக்கிற எல்லாரும் கப்பல்ல எடுக்கிறதில்ல. வளைவு வேற, ஆட்டம் வேற. உங்க பாதை பெரும்பாலும் மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் சுமாத்திரா, ஒரு பக்கம் மலேசியா, நடுவுல அலை அடங்கித்தான் இருக்கும். புக்கெட் கிட்ட அந்தமான் கடல் திறக்கும், ஆனா அங்க தென்மேல் பருவக்காத்து ஒக்டோபரோட முடியுது. டிசம்பர் நல்ல மாசம். கேபின் இன்னும் மாத்த முடிஞ்சா நடுவுல, கீழ்த்தட்டுல கேளுங்க.

வாந்தி மாத்திரை வந்த பிறகு போட்டுப் பிரயோசனமில்ல, முந்தியே போடணும். புள்ளைக்கு எவ்வளவுன்னு டொக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்குங்க, தூக்கம் வரும். மாமியாருக்கு பிரசர் மருந்து இருந்தா அதையும் சொல்லுங்க. நாலு நாளைக்கு எடுக்காம ஒரு கிழமைக்கு எடுங்க, டொக்டர் துண்டோட. இஞ்சி தோசி ஒரு போத்தல், பெனடோல், தண்ணியில கரைச்சுக் குடிக்கிற ஜீவனி உப்புப் பைக்கற்று.

வெயில் கிறீம்ல ஒண்ணு கவனிங்க. தாய்லாந்து கடல் தேசியப் பூங்காக்கள்ல ஒக்சிபென்சோன், ஒக்டினொக்சேட் போட்ட கிறீம் 2021ல இருந்து தடை, பவளப்பாறைக்கு ஆகாதுன்னு. தண்டம் 1,00,000 பாத் வரைக்கும். புக்கெட்ல தீவுக்குப் படகு எடுக்கிறதா இருந்தா போத்தல் பின்னுக்கு வாசிச்சு வாங்குங்க.

தலவாக்கலை டீச்சர் (திங்கள், இரவு 10.41)

மாமியார் வெத்தலை போடுவாங்களா? மெல்லுற புகையிலை சிங்கப்பூர்ல தடை. சுவிங்கம் கதை எல்லாருக்கும் தெரியும், இது தெரியாது. சிகரட் ஒரு பைக்கற்று கொண்டு போனாலும் சொல்லித் தீர்வை கட்டணும். கடைசி நேரத்துல மடியில இருந்து எடுத்தா வம்பு.

கொட்டகலை மலர் (சனி, இரவு 11.05)

இன்னைக்கு ஒண்ணு நடந்துச்சு. இதை எங்க எழுதுறதுன்னு தெரியல, இங்கயே எழுதுறேன்.

மூணாவது பெட்டி வேணாம்னு மாமியார்கிட்ட சொல்லி உள்ள இருக்கிறதை எடுக்கப் போனேன். மூணு ஜெர்சி. கம்பளி ஒண்ணு. பி.ஓ.பி.எஃப் தேயிலைத் தூள் ஒரு கிலோ, வடியோட. சித்தாலேப தைலம் ரெண்டு. சாமி படம். அடியில ஒரு பொலித்தீன் பை, அதுக்குள்ள இன்னொரு பை, அதுக்குள்ள துணி. பிரிச்சா அவங்க பிறப்புச் சான்றிதழ், கல்யாண எழுத்து, மாமாவோட மரண சான்றிதழ், பிரஜாவுரிமைப் பத்திரம். ஒரிஜினல். மடிப்புல கிழிஞ்சு டேப் ஒட்டினது.

ஏம்மா இதுன்னு கேட்டேன். நாலு நாள்ல வந்திருவோமேன்னேன். “அண்ணனும் அப்படித்தான் சொல்லிட்டுக் கப்பல் ஏறிச்சு”ன்னாங்க. அவ்வளவுதான். பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாங்க.

பழைய கோச்சி (ஞாயிறு, காலை 5.50)

மலர் தங்கச்சி, எனக்கு 71 வயசு. நான் இங்க வாசிக்கிறதோட சரி, எழுதுறதில்ல.

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில நம்ம ஆளுங்க 5,25,000 பேர் இந்தியாவுக்குன்னு கணக்கு எழுதினாங்க. இங்க இருந்து தலைமன்னாருக்குப் போன ரயில் கோச்சியை ஒப்பாரிக் கோச்சின்னு சொல்லுவோம். ஸ்டேசன்ல ஏத்தி விட வந்தவங்களும் அழுவாங்க, ஏறினவங்களும் அழுவாங்க. அங்க இருந்து கப்பல். எங்க பெரியப்பா வீட்டுத் தகரப் பெட்டியைக் கட்டினது நான்தான். பெரியம்மா அம்மிக் குழவியைச் சேலையில சுத்திக் கொண்டு வந்து நிக்கிறாங்க. அம்மியை விட்டுட்டுக் குழவி மட்டும். இந்தியாவுல கல்லா இல்லன்னு பெரியப்பா கத்தினார். கடைசியில அதுவும் பெட்டியிலதான் போச்சு. நாங்க திரும்பப் பார்க்கல.

உங்க மாமியாருக்குக் கப்பல்னா அது. கடதாசியும் அப்படித்தான். 1948ல பிரஜாவுரிமையைப் பறிச்சதுக்கு 2003 வரைக்கும் சட்டம் போட்டுக்கிட்டே இருந்தாங்க. அந்தக் கடதாசி இல்லாம எத்தனை கந்தோர் வாசல்ல நின்னிருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. ஒரிஜினல் கடலுக்கு வேணாம், அது சரி. ஆனா நீங்க எடுத்து ஒளிச்சு வைக்காதீங்க. அவங்களைக் கூட்டிட்டுப் போய், அவங்க முன்னால போட்டோ பிரதி எடுத்து, பிரதியை அதே பையில, அதே துணியில சுத்திக் கொடுங்க. ஒரிஜினலை எங்க வைக்கிறதுன்னு அவங்களே சொல்லட்டும்.

பழைய கேபின் பையன் (ஞாயிறு, காலை 6.30)

ஐயா சொன்ன மாதிரியே செய்யுங்க அக்கா. பாஸ்போட் பிரதியும் அதோட ஒண்ணு வைங்க. தூளைக் கொண்டு போகட்டும், வடியையும். கப்பல்ல பையைத் தொங்க விடுற டீதான். சாப்பாட்டுத் தட்டுல சுடுதண்ணி மெசின் எந்நேரமும் இருக்கும், கேத்தல் வேணாம். கம்பளியை மட்டும் பேசி எடுங்க.

கொட்டகலை மலர் (ஜனவரி, செவ்வாய், இரவு 8.15)

வந்துட்டோம். எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்கீங்க, சுருக்கமாச் சொல்றேன்.

வெள்ளை உடுப்பைக் கைப்பையில வச்சதால எங்க நாலு பேர் வெள்ளையில. லண்டன் குரூப் பதினோரு பேருக்குப் பெட்டி வரல, வந்த உடுப்போட சாப்பிட்டாங்க. பட்டியல் போட்டவரே அதுல ஒருத்தர். பத்தீக் சாரம் ரெண்டும் ஓய்வே இல்லாம வேலை செஞ்சிச்சு. மகள் ஒரு தரம் கூட வாந்தி எடுக்கல, கப்பல் முழுக்க ஓடினா. திரும்பி வரும்போது கினிகத்தேனையில எடுத்தா.

நான் விட்ட பிழை, தொப்பி எடுக்கல. புக்கெட்ல மூக்கு உரிஞ்சிருச்சு. அவர் 41 சாமான் பட்டியல்ல இருந்த மீன் பாக்கிற கண்ணாடியைக் கடைசியில திருட்டுத்தனமா வாங்கி வச்சிருந்தார், பெட்டியை விட்டு வெளியில வரவே இல்ல.

மாமியார் ஜெர்சி மூணையும் கொண்டு வந்தாங்க. ரெண்டாம் ராத்திரி ஏசியில டொரண்டோ அக்கா ரெண்டு பேர் நடுங்குறதைப் பார்த்து மத்த ரெண்டையும் கழுத்துல மாட்டி விட்டாங்க. 70கள் படத்துல ரெண்டு பேர் அரக்குக் கம்பளி ஜெர்சியோட நிக்கிறாங்க, பெல்பாட்டத்துக்கு மேல. நாலாம் நாள் எங்க மேசையில தூள் தேத்தண்ணிக்கு ஆளுங்க வரிசையில நின்னுச்சு.

பினாங்குல கோயில் வாசல்ல சாமான் விக்கிற ஒரு அம்மாவோட மாமியார் முக்கால் மணித்தியாலம் பேசினாங்க. என்ன பேசினீங்கன்னா, ஊர்க்கதைன்னாங்க. அங்கயே சின்னப் பூட்டு ஒண்ணு வாங்கினாங்க. வீட்டுக்கு வந்த அன்னைக்கே ஒரிஜினலை எடுத்துப் பழைய தகரப் பெட்டியில வச்சு அந்தப் பூட்டைப் போட்டாங்க. சாவி ஒண்ணு அவங்க கழுத்துக் கயித்துல. மத்தது என்கிட்ட.

நானுஓயா பனி (ஜனவரி, புதன், காலை 9.10)

அக்கா, ஏப்ரல்ல நாங்க போறோம். அந்தக் காந்தக் கொக்கி எங்க வாங்கினீங்க?

கொட்டகலை மலர் (ஜனவரி, புதன், இரவு 7.50)

கொழும்பு புறக்கோட்டையில, சமையல் சாமான் விக்கிற தெருவோரத்துல. பெருசா வாங்குங்க, சின்னது நனைஞ்ச துவாயைத் தாங்கல. என்கிட்ட ஆறு இருக்கு, ஹட்டன் பக்கம் வந்தா வாங்கிட்டுப் போங்க, திருப்பித் தந்தாச் சரி.